சிறைக் கதவு திறக்குமுன் எங்களிடம் சொல்லுங்கள்

எங்கள் பகுதியில் வெடிச்சத்தம் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பயர் ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ ஒருவரையேனும் அனுப்பாத குடியிருப்பு அரிது. சரம் பின்னுவதும் திரி செருகுவதும் பெட்டி ஒட்டுவதும்தான் எங்கள் பெண்களின் பிழைப்பு. திருவிழா வெடி எது, துக்க வீட்டு வெடி எது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஒருவகை வெடி மட்டும் சில வீடுகளைக் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கிறது. கொலை வழக்கில் தண்டனை பெற்றவன் ஊருக்கு வரும்போது அவன் ஆட்கள் போடும் வெடி அது. "அவன் பரோல்ல வந்துட்டான்னு எங்களுக்கு போலீசும் சொல்லல, ஜெயிலும் சொல்லல. வெடிதான் தம்பி சொல்லுச்சு" என்று ஒரு தாய் எங்களிடம் சொன்னார். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். இன்னமும் அதே தெருவழியாகத்தான் அவர் வேலைக்குப் போய் வருகிறார்.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வெளிய விடுறதுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் எங்கள் மக்கள் பலர் விழுந்து கிடக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்க, மதுரையைத் தாண்டி மேலூர் வட்டத்து மேலவளவு வரை போய்வர வேண்டும்.

மேலவளவு: தீர்ப்புக்குப் பிறகு நடந்தது

1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. தேர்தல் தடைபட்டது. வாக்குப்பெட்டி தூக்கிச் செல்லப்பட்டு, மறுதேர்தல் நடந்து, அந்த ஆண்டின் கடைசி நாளில் முருகேசன் தலைவரானார்.

ஆறு மாதம்தான். 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தவர்களைப் பட்டப்பகலில் வழிமறித்து வெட்டினார்கள். தலைவர் முருகேசன், துணைத்தலைவர் மூக்கன், ராஜா, செல்லதுரை, சேவகமூர்த்தி, பூபதி ஆகிய ஆறு பேர் இறந்தார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துச் சென்றார்கள்.

இது ஏதோ வேறு மாவட்டத்துக் கதை என்று நம் மாவட்டத்துக்காரர்கள் ஒதுங்கிவிட முடியாது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மதுரை மாவட்ட ஊராட்சிகளோடு சேர்த்து, 1996 முதல் 2006 வரை தலித் ஒருவர் தலைவராக உட்கார முடியாத நாலாவது ஊராட்சி நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். மேலவளவில் விழுந்த வெட்டின் அச்சம் அத்தனை ஊர்களிலும் பத்தாண்டு நின்றது.

மேலவளவு வழக்கில் 40 பேர் குற்றம்சாட்டப்பட்டார்கள். விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001 ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 2006-இல் உயர்நீதிமன்றமும், 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதிசெய்தன. ஆறு கொலைக்கும் இறுதித் தீர்ப்பு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அத்தனை ஆண்டுகளும் சாட்சிகளாகவும் புகார்தாரர்களாகவும் அலைந்தவர்கள் அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் நிலையில் இருந்தவர்கள்.

இப்போது எதிர்ப்பக்கக் கணக்கைப் பாருங்கள். 2008-இல், அண்ணா நூற்றாண்டையொட்டி, 17 பேரில் மூவர் விடுதலையானார்கள். உச்சநீதிமன்றத்தின் கடைசிச் சொல் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். மிச்சமிருந்த 13 பேரும் 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்ட தண்டனைக் குறைப்பில் விடுதலையானார்கள். முதல் விடுதலை தி.மு.க. ஆட்சியில், இரண்டாவது அ.தி.மு.க. ஆட்சியில். இதில் எந்தக் கட்சியும் இன்னொரு கட்சியைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

13 பேர் வெளியே வந்த பிறகு, இந்த வழக்கைத் தொடக்கத்திலிருந்து சுமந்துவரும் வழக்கறிஞர் பொ. இரத்தினம், விடுதலைக்கான அரசாணையின் நகலைக் கேட்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாட வேண்டியிருந்தது. வழக்கறிஞருக்கே அரசாணையைப் பெற நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், ஆறு குடும்பங்களின் வாசலுக்கு முன்கூட்டி எந்த அதிகாரி போயிருப்பார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வழக்கு நடந்த நாட்களில், மறு உத்தரவு வரும்வரை 13 பேரும் வேலூரில் தங்கியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. ஊருக்குள் இவர்கள் உடனே வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்டது. அந்தக் கேள்வியை விடுதலைக் கோப்பில் கையெழுத்திட்டவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அந்த விடுதலை ரத்தாகவில்லை.

எத்தனை வழிகள்

ஆயுள் தண்டனை பெற்றவர் வெளியே வர உள்ள வழிகளை எங்கள் மக்கள் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பம் தீர்ந்தால்தான் எந்தக் கதவில் யார் பெயருக்கு மனு எழுதுவது என்று தெரியும்.

முதலாவது, ஜாமீன். வழக்கு நடக்கும்போதும் மேல்முறையீட்டின்போதும் நீதிமன்றம் கொடுப்பது.

இரண்டாவது, நாம் பரோல் என்று சொல்லும் சிறை விடுப்பு. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதை அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. சாவு, நோய், பிள்ளைகளின் திருமணம் போன்றவற்றுக்கு முதலாவது. சில ஆண்டுகள் தண்டனை அனுபவித்த பின் குடும்பத்தோடு இருந்து வர இரண்டாவது. முடிவெடுப்பது சிறைத்துறை. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் காவல்துறையின் கருத்தும் அந்தக் கோப்பில் சேரும். விடுப்பு முடிந்ததும் உள்ளே திரும்ப வேண்டும்.

மூன்றாவது, முன்விடுதலை. கொலை போன்ற, தூக்குத் தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்பது சாதாரணச் சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு அது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அந்த வரம்பு தொடர்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்தை அந்த 14 ஆண்டு வரம்பு கட்டுப்படுத்தாது. ஆளுநர் என்றால் நடைமுறையில் அமைச்சரவை. தலைவர்களின் நூற்றாண்டு வரும்போதெல்லாம் சிறைக் கதவு மொத்தமாகத் திறப்பது இந்த வழியில்தான்.

மூன்று வழிகளிலும் கோப்பில் குற்றவாளியின் நடத்தை, வயது, உடல்நிலை, குடும்பம் எல்லாம் எழுதப்படுகின்றன. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அந்தக் கோப்பில் எத்தனை வரி?

ஒரு சொல் சட்டத்தில் ஏறியது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தபோது பாதிக்கப்பட்டவரின் உரிமைகளுக்கென்று தனிப் பகுதி அதில் இல்லை. நாடு முழுவதும் தலித் அமைப்புகள் வற்புறுத்தியதன் பிறகு வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 15ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. மாணவர்கள் அதன் மூன்றாவது, ஐந்தாவது உட்பிரிவுகளை மனப்பாடமாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது உட்பிரிவின்படி, ஜாமீன் உட்பட நீதிமன்ற நடவடிக்கை எதுவானாலும் பாதிக்கப்பட்டவருக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ உரிய காலத்தில், சரியான முறையில் அறிவிப்பு தரப்பட வேண்டும். ஐந்தாவது உட்பிரிவின்படி, இந்தச் சட்டத்தின்கீழான நடவடிக்கையில் ஜாமீன், விடுவிப்பு, விடுதலை, பரோல், தண்டனை ஆகியவை குறித்து அவர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. ஆம், பரோல் என்ற சொல் அதிலேயே இருக்கிறது. அந்தத் தாய் எங்களிடம் கேட்ட "ஒரு வார்த்தை" சட்டப் புத்தகத்தில் அச்சாகிக் கிடக்கிறது.

இதை விருப்பம்போல் எடுத்துக்கொள்ளவும் விடவும் முடியாது என்று உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ராஜஸ்தானில் ஒரு கொலை வழக்கு. கொல்லப்பட்டவரின் சகோதரருக்கு அறிவிக்காமலேயே குற்றம்சாட்டப்பட்டவருக்கு உயர்நீதிமன்றம் ஜாமீன் தந்திருந்தது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா அமர்வு 15ஏ பிரிவின் இந்த உட்பிரிவுகள் கட்டாயமானவை என்று கூறி, அந்த ஜாமீனை ரத்து செய்தது.

அப்படியிருந்தும் ஏன் வெடிச்சத்தம் கேட்டுத்தான் எங்கள் மக்களுக்குத் தெரிகிறது? இரண்டு ஓட்டைகள்.

ஒன்று: ஜாமீன் நீதிமன்றத்தில் நடக்கிறது, அங்கே அறிவிப்பு தர அரசு வழக்கறிஞர் இருக்கிறார். பரோல் சிறை அலுவலக மேசையில் நடக்கிறது. அந்த மேசையிலிருந்து கொல்லப்பட்டவரின் வீட்டுக்குக் கடிதம் போக நிலையான ஏற்பாடு இல்லை. சட்டத்தில் சொல்லப்பட்ட நடவடிக்கை என்பது நீதிமன்ற நடவடிக்கைதான், எங்கள் கோப்பு அதில் சேராது என்று அதிகாரிகள் வாதாடவும் இடமிருக்கிறது. அப்படியானால் பரோல் என்ற சொல்லைச் சட்டம் எதற்காக எழுதியது என்று திருப்பிக் கேட்க ஆள் வேண்டும்.

இரண்டு: இந்த உரிமை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் அந்தச் சட்டப் பிரிவைச் சேர்க்காமல் வெறும் கொலை வழக்காகப் பதிவு செய்தாலோ, பாதியில் அந்தப் பிரிவு கழன்றுபோனாலோ, இந்த உரிமையும் கூடவே கழன்றுபோகிறது. முதல் நாள் காவல் நிலையத்தில் விட்டுக்கொடுத்தது பதினைந்து வருடம் கழித்துப் பரோல் கோப்பில் வந்து இடிக்கும். "கொலைக் கேஸ் போட்டாச்சுல்ல, அது போதும்" என்று சொல்லும் பெரிய மனிதர்களை நம்பிவிடாதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மற்ற இடங்களில்

இது எங்கள் மக்களுக்கு மட்டும் நேர்ந்த அநீதியல்ல. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் 11 ஆயுள் கைதிகள் 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுதலை செய்யப்பட்டார்கள். இவ்வளவு பெரிய முடிவை எடுக்குமுன் தன் பாதுகாப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை என்று அவர் வெளியிட்ட அறிக்கை நாட்டையே உலுக்கியது. அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. விசாரணை நடந்தது மகாராஷ்டிரத்தில் என்பதால் விடுவிக்கும் அதிகாரம் குஜராத் அரசுக்கு இல்லை என்பது முக்கியக் காரணம். 11 பேரும் சிறைக்குத் திரும்பினார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1983-இல் ஒரு கல்லூரி மாணவி கொல்லப்பட்டார். சில நாட்களில் அவருடைய தாய் மளிகைக் கடைக்குப் போனபோது, கொன்றவன் எதிரே நின்றான். ஜாமீனில் வந்திருந்தான், குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மாணவியின் பெயரால் மார்சி சட்டம் 2008-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குற்றவாளி வெளியே வருவதைக் குடும்பத்துக்கு அறிவிப்பதும், பரோல் விசாரணையில் அவர்கள் பேசுவதும் அங்கே இன்று உரிமை. நம் சந்தைக்கடையில் எங்கள் பெண்கள் படும் திகிலும் அந்தத் தாய் பட்ட திகிலும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சட்டம் கைதிகளுக்குப் பரோல் கிடைப்பதையே மிகவும் கடினமாக்கிவிட்டது என்ற விமர்சனமும் அங்கே உண்டு. அதையும் நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பரோலே வேண்டாம் என்கிறோமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

சிறையில் கிடப்பவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜாமீனுக்குப் பணம் கட்ட வழியில்லாமல், வக்கீல் வைக்க வழியில்லாமல், தாய் செத்தால்கூட வந்து மண் தள்ள முடியாமல் தவிப்பவர்களில் தலித்துகள் நிறைய. பேரறிவாளனுக்கு முதல் பரோல் கிடைக்க 26 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்டில் அவர் வீட்டுக்கு வந்தபோது அற்புதம்மாளின் கண்ணீரைப் பார்த்துக் கலங்காதவர் குறைவு. பரோலை ஒழிக்கச் சொன்னால் முதலில் அடைபடுவது ஏழைகளுக்கான கதவுதான். சிறை என்பது மனிதரைத் திருத்தி அனுப்பும் இடம் என்றே நாங்களும் நம்புகிறோம்.

ஆனால் திருந்தியவன் என்று முடிவுசெய்யும்போது, அவன் எந்த ஊருக்குத் திரும்புகிறான், அந்த ஊரில் யார் அச்சத்தோடு இருக்கிறார்கள், சாதி வெறி குறைந்திருக்கிறதா, சாட்சி சொன்னவர் வேலைக்குப் போகும் வழி எது என்று பார்க்க வேண்டாமா? பணத்தகராறில் நடந்த கொலையும் சாதிக்கொலையும் இந்த இடத்தில் வேறுபடுகின்றன. சாதிக்கொலையில் கொன்றவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது. அவன் வரும்போது மாலையும் வெடியும் காத்திருக்கின்றன. அந்த வெடி இறந்தவனின் வீட்டுக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று போடப்படுவதில்லை. இனிமேல் தேர்தலில் நிற்கவோ, காதலிக்கவோ, கூலி கேட்கவோ நினைக்கும் எல்லா வீட்டுக்கும் கேட்கவே போடப்படுகிறது.

இதை உணர்ந்து கொடுக்கப்பட்ட தீர்ப்பும் தமிழ்நாட்டில் உண்டு. 2015 ஜூனில் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கு, அவருடைய தாயின் போராட்டத்தால் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்குச் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தண்டனையின் அளவைப் பற்றியும் எழுத்து மூலம் வாதம் தர 15ஏ பிரிவு இடம் தருகிறது. தீர்ப்பு நாளோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு மேலவளவு சாட்சி. தீர்ப்பு நாளிலேயே பின்னால் வருவதை யோசிக்க முடியும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கு சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

வெடிச்சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கு எண், குற்ற எண், தீர்ப்பு நகல், குற்றவாளி இருக்கும் சிறை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வீட்டில் வைத்திருங்கள். பரோல், முன்விடுதலை எது பரிசீலனைக்கு வந்தாலும் எங்களுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், எங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 15ஏ பிரிவைக் குறிப்பிட்டு இப்போதே ஒரு மனு எழுதுங்கள். சிறைக் கண்காணிப்பாளர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் விரைவுத்தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். அந்த ஒப்புகைதான் நாளைக்கு நீதிமன்றத்தில் பேசும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு இலவசச் சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. வருமானச் சான்று கேட்க முடியாது. நம் மாவட்டத்துக்கான சட்டப்பணிகள் ஆணைக்குழு திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. உயிருக்கு அச்சம் இருந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். வன்கொடுமைப் புகார்களுக்கு 14566 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு.

மாணவர்களுக்கு ஒன்று. அம்மாக்களுக்கு மனு எழுதத் தெரியாது. எழுதினாலும் எந்தப் பிரிவு என்று தெரியாது. உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். நீங்கள் படித்த படிப்புக்கு அதைவிடப் பெரிய பயன் உடனடியாக வேறில்லை.

அரசிடம் நாங்கள் கேட்பதும் பெரிதல்ல. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. வன்கொடுமை வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் யார் பரோலுக்கும் முன்விடுதலைக்கும் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சிறைத்துறை அந்தக் கூட்டத்தில் வைக்கட்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் எழுத்து மூலமான கருத்து இல்லாமல் அந்தக் கோப்பு மேலே போகக் கூடாது என்று அரசாணை போடட்டும். விடுப்பில் வருபவர் பாதிக்கப்பட்டவரின் ஊருக்குள் நுழையக் கூடாது, வரவேற்பு கூடாது, வெடி கூடாது என்று நிபந்தனை எழுதட்டும். தலைவர்களின் பிறந்தநாளில் மொத்தமாகக் கதவைத் திறக்கும் பட்டியலில் சாதிக்கொலைக் கைதிகளைச் சேர்க்காதிருக்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30 அன்று மேலவளவு விடுதலைக் களத்தில் எங்கள் மக்கள் கூடுகிறார்கள். ஆறு பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள் என்று ஒருகாலத்தில் அந்தக் குடும்பங்களால் சொல்ல முடிந்தது. இப்போது அந்த வாக்கியத்தை அவர்கள் எப்படி முடிப்பார்கள்?

எங்கள் மாவட்டத்தில் எந்த வீட்டுக்கும் அந்த நிலை வரக் கூடாது. வருவதற்குமுன் ஒரு கடிதம் போடப் பெரிய செலவு ஆகாது. சிறைக் கதவு திறக்குமுன் எங்களிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நாங்கள் சொல்வதையும் கேளுங்கள்.